நாட்டு மரம் என்றால் எந்த நாடு?

மூன்று வருடத்துக்கு முன்னால், காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு மேய்ச்சல் நிலத்தில் வேப்பங்கன்று நட்டவர்களில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை. கோவையிலிருந்து இரண்டு வேன். எல்லோருக்கும் பச்சை டீஷர்ட், முதுகில் 'நாட்டு மரம் காப்போம்'. வேம்பு, புங்கன், நாவல், மருதம் என்று நானூறு கன்றுகள். நிலத்துச் சொந்தக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். 'சும்மா பொட்டலாத்தானே கெடக்குது' என்று பெருந்தன்மையாக இடம் கொடுத்திருந்தார். நாங்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, அந்த நிலத்தை மேய்ச்சலுக்குக் குத்தகை எடுத்திருந்த பெரியவர் ஆடுகளோடு வந்து நின்றார்.

"ஏனுங்கம்மிணி, இங்கெதுக்குங்க குழி தோண்டறீங்க?"

"மரம் நடுறோங்கய்யா. இந்த இடத்தக் காடாக்கப் போறோம்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "இது காடுதானுங்களே" என்றார்.

நான் அதை ஒரு கிராமத்துப் பெரியவரின் வெகுளித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். மாலையில் அதைப் பற்றி ஒரு பதிவு கூடப் போட்டேன். நல்ல லைக். அவர் சொன்னது வெறும் தகவல் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

அந்த நிலத்துக்குப் பெயர் கொரங்காடு. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்து மழை குறைந்த மண்ணில் தலைமுறைகளாகப் பேணப்பட்டு வரும் மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொரங்காடு. புல்லை மாடு மேயும், வெள்வேலங்காயை ஆடு தின்னும், வேலி இருப்பதால் நாள் முழுக்க ஆள் நிற்கவேண்டியதில்லை. காங்கேயம் காளைக்காக 2017-இல் மெரினாவில் உட்கார்ந்த நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் காளை தின்ற புல்லின் பெயர் தெரியும்? எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் அந்தப் புல்லைக் கடப்பாறையால் கிளறினேன்.

கொங்கு வட்டாரத்தில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் யானை பார்க்கப் போவதில்லை. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வானம் பார்த்த நிலமென்றால் காடு. மரம் நெருக்கமாக நின்றால்தான் காடு என்ற எண்ணம் நமக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. அந்தப் பாடப்புத்தகத்துக்கு அது மரத்தைக் கன அடியில் எண்ணிய வெள்ளைக்காரனின் வனத்துறையிலிருந்து வந்தது. வரி வராத நிலம் 'வேஸ்ட்', மரம் வராத நிலமும் 'வேஸ்ட்'. இன்றுவரை அரசின் தரிசு நில வரைபடங்களில் புல்வெளிகளும் முட்புதர்களும் அந்தக் கணக்கில்தான் கிடக்கின்றன. நாங்கள் டீஷர்ட் போட்டுக்கொண்டு போய் அந்தப் பழைய வரி அதிகாரியின் வேலையைத்தான் இலவசமாகச் செய்தோம்.

ஆகவே என் சண்டை இந்த 'நாட்டு' என்ற முன்னொட்டோடு. நாடு என்பது தாவரவியலில் ஓர் அளவே கிடையாது. கன்னியாகுமரியிலிருந்து லடாக் வரை ஒரே 'நாட்டு மரம்' இருக்கமுடியாது. தூத்துக்குடி தேரி மணலிலிருந்து ஊட்டி வரைக்கும் கூட இருக்கமுடியாது. ஒரு செடியைப் பார்த்து 'இது நம்ம நாட்டுதா?' என்று கேட்பது பாஸ்போர்ட் அலுவலகத்துக் கேள்வி. 'இந்த மண்ணில், இந்த மழையில், எத்தனை காலமாக, எதோடு சேர்ந்து வளர்கிறது?' என்பதுதான் தாவரவியலின் கேள்வி. இரண்டாவதுக்குப் பதில் தேட வெயிலில் நடக்கவேண்டும். முதலாவதுக்கு ஒரு ரீல்ஸ் போதும்.

ஓர் உதாரணம். சீமைக்கருவேலம் வில்லன், நாட்டுக் கருவேலம் நாயகன் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கருவேலம், பல் துலக்கக் கருவேலங்குச்சி, கண்மாய்க்குள் கருவேலந்தோப்பு. எல்லாம் சரி. இதே மரம், இந்தியாவிலிருந்து போன அதே கருவேலம், 1890-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குள் நுழைந்தது. ஆட்டுக்கு நிழலும் தீனியும் ஆகும் என்று 1920-களில் அரசு வேளாண் துறையே நடச் சொன்னது. பிறகு ஆடு குறைந்து மாடு பெருகியபோது, மாட்டின் வயிற்றில் செரிக்காமல் போன விதைகள் சாணத்தோடு நிலமெங்கும் விழுந்தன. இன்று அங்கே 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கருவேலம். மிட்செல் புல்வெளி என்று அவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த மேய்ச்சல் நிலம் முள்ளாகிவிட்டது. அந்த நாட்டின் தேசிய அளவிலான களைப் பட்டியலில் நம் கருவேலத்துக்கு இடம் உண்டு. 2008 முதல் சில ஆண்டுகள் அவர்களுடைய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கருவேலங்காடுகளில் அலைந்தார்கள். எதற்கு? கருவேலத்தைத் தின்னும் பூச்சியைத் தேடி.

நமக்குச் சீமைக்கருவேலம் எதுவோ, அவர்களுக்கு நாட்டுக் கருவேலம் அது. 'தமிழன் சதி செய்து விதையை அனுப்பினான்' என்று குயின்ஸ்லாந்தில் யாராவது வாட்ஸப் ஃபார்வர்டு போட்டிருக்கிறார்களா தெரியவில்லை.

கொரங்காட்டுக் கொழுக்கட்டைப்புல் கதையும் இதே மாதிரி. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இயல்பாக வளரும் புல் அது. அமெரிக்காவின் அரிசோனாவுக்கு மாட்டுத் தீவனமாகக் கொண்டுபோனார்கள். அங்கே சொனோரா பாலைவனத்தில் சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே அது அடர்ந்து பரவி, காய்ந்து, தீப்பிடிக்கிறது. தீயையே அறியாத கள்ளிகள் அதில் வெந்து சாகின்றன. டூசான் நகரத்துத் தன்னார்வலர்கள் விடுமுறை நாளில் மலையேறிப் போய் அதைப் பிடுங்குகிறார்கள். அவர்களும் டீஷர்ட் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே புல். அங்கே பிடுங்குகிறவர்கள் சரி. இங்கே அதைக் கிளறிய நாங்கள் தப்பு.

இந்த இடத்தில் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரட்டும். புளியமரம் ஆப்பிரிக்க மரம். லின்னேயஸ் அதற்கு 'இண்டிகா' என்று பெயர் வைத்தார், அரபு வணிகர்கள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று கூப்பிட்டார்கள். மிகப் பழங்காலத்திலேயே இங்கே வந்து, குழம்புக்குள் இறங்கி, முனியையும் தன் மேல் ஏற்றிக்கொண்டுவிட்டது. வேம்பு? அசாம், மியான்மர் பக்கத்து வறண்ட காடுகள்தான் அதன் ஆதி இடம் என்று பல தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். மிளகாய், பப்பாளி, கொய்யா, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு என்பது பழைய செய்தி. சங்கப் பாட்டில் பெயர் வந்தால் போதும், நாட்டு மரம் என்று முத்திரை குத்துகிறவர்கள் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் பூக்களிலேயே எது எந்தச் செடி என்று இன்னும் தகராறு தீராதவை இருக்கின்றன. சொல் பழையது என்பதற்காக அடையாளம் உறுதி ஆகிவிடாது.

அப்படியானால் அயல், இயல் என்ற பிரிவினையே அபத்தமா? அப்படிச் சொல்லும் கூட்டமும் ஒன்று இருக்கிறது. அவர்களோடும் எனக்குச் சண்டை. 2011-இல் 19 சூழலியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: ஓர் உயிரினத்தை அதன் பூர்விகத்தை வைத்து எடைபோடாதீர்கள், அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பாதிக்கு நான் சம்மதம். ஆனால் நம் ஊரில் அதைப் படித்துவிட்டு 'அந்நியத் தாவரம் என்பதே இனவெறிச் சொல்லாடல்' என்று முகநூலில் எழுதுகிறவர்கள் ஒருமுறை நீலகிரியின் மேல் பகுதிக்குப் போய்வரவேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் தைல மரமும் அங்கே வந்து இறங்கின. விறகுக்கு, பிறகு தோல் பதனிடும் பட்டைக்கு, பிறகு ரேயான் கூழுக்கு. சோலைக்கும் சோலைக்கும் நடுவே விரிந்திருந்த புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்து அதில் நட்டார்கள். தைல மரம் நட்ட இடத்தோடு பெரும்பாலும் நின்றது. சீகை நிற்கவில்லை, வெட்டினால் வேரிலிருந்து கிளம்பும், விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் புல்வெளிகளைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்த ஆய்வு ஒன்று, 1973-க்கும் 2017-க்கும் இடையில் 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 சதவீதம், அயல் மரங்களிடம் போய்விட்டது என்கிறது. வரையாடு புல்வெளியில் மேய்கிற பிராணி. நெட்டைக்காலி என்ற சின்னக் குருவி புல்லுக்குள்தான் கூடு கட்டும். இவற்றிடம் போய் பூர்விகம் ஒரு கற்பிதம் என்று சொல்ல முடியாது.

பூர்விகம் முக்கியம்தான். வசைச் சொல்லாக இல்லை, துப்பாக. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை அங்கே எது கட்டுப்படுத்தி வைத்திருந்தது என்று தேட முடியும். ஆஸ்திரேலியர்கள் நம் கருவேலங்காட்டில் தேடியது அதைத்தான். இதில் நமக்கே ஓர் அருமையான பழைய கதை இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. சப்பாத்திக்கள்ளி கதை. செஞ்சாயம் தரும் பூச்சியை இந்தியாவில் வளர்க்க ஆசைப்பட்டு, 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது தவறான இனம். சாயம் உருப்படவில்லை, ஆனால் ஒருவகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. அட, கள்ளியை ஒழிக்க வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டால், தென்னிந்தியாவின் தரிசுகளை அடைத்துக்கொண்டிருந்த இன்னொரு கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு வேறு பூச்சி வேண்டியிருந்தது. அது 1926-இல் இலங்கையிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் ஏக்கர் ஏக்கராகக் கள்ளி சரிந்தது. ஒன்றுபோலவே தெரிகிற இரண்டு கள்ளி, ஒன்றுபோலவே தெரிகிற இரண்டு பூச்சி. எது எதுவென்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது.

அந்தப் பிரித்துச் சொல்கிறவனைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் படித்த கல்லூரியில் தாவரவியல் துறையின் பெயரில் பயோடெக்னாலஜியைச் சேர்த்தால்தான் பிள்ளைகள் சேரும் என்று சேர்த்தார்கள். வகைப்பாட்டியல் ஒரே ஒரு பேப்பர். களப்பயணம் என்று ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருப்பதில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் செடிகள் என்பது கூட அன்றைக்கு யாருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. துறையின் ஹெர்பேரியத்துக்கு ஒரு மர பீரோ. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பீரோவை நகர்த்தும்போது திறந்துகொண்டது. உள்ளே கரையான்.

ஹெர்பேரியம் என்றால் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு: செடியைப் பறித்து, நசுக்கி உலர்த்தி, தாளில் தைத்து, மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். எங்கே, எப்போது, யார் எடுத்தது. அவ்வளவுதான். ஆனால் எது எப்போது வந்தது என்ற சண்டைக்கெல்லாம் கடைசிச் சாட்சி அந்தச் சீட்டுதான். பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா பிச்சையாகப் போட்ட பி.எல். 480 கோதுமையோடு 1950-களில் வந்த விஷச்செடி என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், மேடையில் பேசியும் இருக்கிறோம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் 1880-இல் பிராண்டிஸ் எடுத்த பார்த்தீனிய மாதிரி ஒன்று இருக்கிறது. கோதுமைக் கப்பலுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முந்தியது. கோதுமையோடும் விதை வந்திருக்கலாம், பரவலுக்கு அது காரணமாகவும் இருக்கலாம். முதலில் வந்தது அதில் இல்லை. ஒரு காய்ந்த செடி, ஒரு தேதி. நம் அரசியல் உணர்ச்சிக்கு எவ்வளவு வசதியான கதையாக இருந்தாலும் சீட்டு சீட்டுதான்.

கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவரங்கள் நூல் 1915-இல் தொடங்கி, 1925-இல் அவர் இறந்த பிறகு ஃபிஷர் கையில் 1936-இல் முடிந்தது. அதற்குப் பிறகு இந்த நிலத்தின் செடிகளை மறுபடி நடந்து நடந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் கே.எம். மாத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியார். 1967-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். 1981 முதல் அவருடைய தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரங்கள் தொகுதிகள் வந்தன. பிறகு பழனி மலைத் தாவரங்கள். 2004-இல் இறந்தார். அவரைப் பற்றி எத்தனை இலக்கியக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? நம் ஊரின் ஒவ்வொரு ஓடையோரச் செடிக்கும் தேதியும் இடமும் எழுதிவைத்த ஆளை நமக்குத் தெரியாது. 'தமிழர் மரபு மரங்கள்' என்று இருபது படத்தை ஒட்டிய இன்ஸ்டா பக்கத்தை லட்சம் பேர் பின்தொடர்கிறோம்.

தெரியாமையின் விலை என்ன என்பதை 2017-இல் பார்த்தோம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. ஊர் ஊராகப் பொக்லைன். மாணவர்கள் அரிவாளோடு கிளம்பினார்கள். அந்த மரம் ஆக்சிஜனே விடாது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையை நிறுத்தும் என்று கல்லூரிப் பேராசிரியர்களே பேசினார்கள். பச்சை இலை உள்ள எந்த மரமும் ஆக்சிஜன் விடும், ஐயா. நிலத்தடி நீரை ஆழமாக எடுக்கும், கண்மாயை அடைக்கும், கீழே வேறெதையும் எளிதில் வளரவிடாது. அகற்ற இந்தக் காரணங்களே போதும், பொய் தேவையில்லை. வேரோடு எடுக்காமல் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு மடங்காகத் துளிர்க்கும், கிளறிய மண்ணில் ஆடு தின்று போட்ட விதையெல்லாம் முளைக்கும், அகற்றிய இடத்தில் அடுத்து என்ன வளர்ப்பது என்று திட்டம் இல்லாவிட்டால் மூன்றே வருடத்தில் திரும்பிவரும் என்று சொல்லவேண்டிய ஆள் அன்றைக்கு எந்த மேடையிலும் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போட்டு அதை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களை யாரும் கேட்கவும் இல்லை. சில மாதத்தில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. பிறகு மறுபடி வழக்கு. ஊடுருவும் தாவரங்களுக்கென்று மாநில அரசின் கொள்கை வரவே 2022 ஆகிவிட்டது.

நிலத்தோடு இருப்பவர்களைக் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்குப் பிளிகிரி ரங்கசாமி மலைச் சோலிகர்கள் சாட்சி. உண்ணிச்செடி ஏன் இப்படிப் பரவியது என்று ஆய்வாளர்கள் கேட்டபோது அவர்கள் வெளிநாட்டுச் சதி எதையும் சொல்லவில்லை. முன்பெல்லாம் வருடாவருடம் சருகுக்குச் சின்னத் தீ வைப்போம், அதில் இளஞ்செடி கருகிவிடும். சரணாலயம் ஆன பிறகு தீ வைக்கக்கூடாது என்றீர்கள், செடி ஆள் உயரம் ஏறிவிட்டது, இனி தீ வைத்தாலும் ஆபத்து என்றார்கள். அது எல்லாக் காட்டுக்கும் பொருந்துமா என்பது தனி விவாதம். ஆனால் அது ஒரு விவாதம். தேதி, காரணம், விளைவு எல்லாம் இருக்கிற பேச்சு.

இப்போது மியாவாக்கி மோகம். ஒரு ஏரிக்கரை, ஒரு புறம்போக்கு, ஒரு பள்ளி மைதான மூலை கிடைத்தால் போதும், நெருக்கி நட்டு 'நாட்டு மரக் குறுங்காடு' என்று பலகை. அகிரா மியாவாக்கி முதலில் செய்யச் சொன்னது நடுவதை அல்ல. மனிதக் கை படாமல் விட்டால் அந்த இடத்தில் இயல்பாக என்ன தாவரக் கூட்டம் இருக்கும் என்று களத்தில் ஆராய்ந்து கண்டுபிடிப்பது. அதாவது மாத்யூ மாதிரி ஆள் முதலில் நடக்கவேண்டும். நாம் அந்த முதல் படியை உருவிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டோம். பதில் புல் என்று வந்தால் என்ன செய்வது என்ற பயமாகவும் இருக்கலாம். புல்லுக்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை, மந்திரி வந்து தண்ணீர் ஊற்றுவதில்லை.

போன தையில் அந்தக் கொரங்காட்டுக்குத் திரும்பப் போயிருந்தேன். நானூறு கன்றில் முப்பது இருந்தால் அதிகம். வேலியோரம் நட்ட வேம்புகள் மட்டும் தோள் உயரம். மற்ற குழிகளில், நாங்கள் மண்ணைப் புரட்டிப்போட்ட வட்டங்களில், கொழுக்கட்டைப்புல் இன்னும் சரியாக மூடவில்லை. பார்த்தீனியம் முளைத்திருந்தது. வட்ட வட்டமாக, நாங்கள் அளந்து தோண்டிய பத்தடி இடைவெளியில்.

பெரியவர் இருந்தார். என்னை ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் செடிக்கு இங்கே என்ன பேருங்க என்றேன்.

"அதுங்களா? புதுசுங்கம்மிணி. இன்னும் பேரு வெக்கலீங்க."